முட்டையைப் பார்க்காத பேனா

தளவானூர்
5.8.2024

தொண்டூர் தர்மவதி அம்மா அவர்களுக்கு, தளவானூர் அமிர்தவல்லி எழுதறது.

அம்மான்னு போட்டிருக்கேன், பாத்துக்கோ. இருபத்தாறு வருசமா உன்னை வாடி போடின்னு கூப்ட்ட வாய் இது. இப்ப வரல.

வெள்ளிக்கிழமைலேர்ந்து பதினோரு வாட்டி போன் பண்ணிட்ட. எடுக்க மாட்டேன். வாயால பேசினது போதும். செஞ்சி பஸ் ஸ்டாண்டுல, தாண்டவராயன் சோடாக் கடை முன்னால, சந்தைக்கு வந்த அத்தினி பேரு காதும் கேக்க இன்னா சொன்ன? "அமிர்தம் அக்கா குடுத்த வெத நெல்லு பூரா பதரு. ஒரு மணி கூடத் தேறல." நீ சொல்லிட்டு பஸ் ஏறிட்ட. உன் பஸ் தொண்டூர் போய்ச் சேர்றதுக்குள்ள உன் பேச்சு எங்கூருக்கு வந்துடுச்சு. அதுக்கு டிக்கெட் கூட இல்ல.

சனிக்கிழமை காலைல ராஜம்மாள் வந்தா. போன வாரம் எங்கிட்ட வாங்கினு போன தூயமல்லி வெத நெல்லு மூட்டையத் தலையில வச்சிக்கினு வந்தா. "ஒண்ணும் மனசுல வச்சுக்காதக்கா, எங்க வூட்டுக்காரரு வேணாம்னுட்டாரு"ன்னு வாசல்லயே எறக்கிட்டுப் போய்ட்டா. ஒரு டம்ளர் தண்ணி குடிக்கல. ஞாயித்துக்கிழமை இன்னும் ரெண்டு மூட்ட வந்துச்சு. அதுல ஒருத்தன், பேரு வேணாம், மூட்டைய எறக்கி வச்சிட்டு எங்கூட்டு முருங்கை மரத்துல நாலு காய் பறிச்சிக்கினு போனான். நெல்லு வேணாமாம், முருங்கக்கா வேணுமாம்.

எனக்குச் சொந்த நிலம் கெடையாது. குத்தகைக்கு முக்காக் காணி. அதுல நான் வெத நெல்லு மட்டுந்தான் வெளைக்கறேன். 'அமிர்தவல்லி வெதன்னா மொளைக்கும்'னு பத்து ஊருல ஒரு பேச்சு இருக்குது பாரு, அதான் என் சொத்து. அந்தச் சொத்துலதான் நீ கை வச்சிட்ட.

இனிமே எதுவா இருந்தாலும் எழுதிக் குடு. எழுதினா கை வலிக்கும், கை வலிச்சா மனுசன் யோசிப்பான். நான் அறிவொளி வகுப்புல கத்துக்கின எழுத்து இது. ரெண்டு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் ஆவுது. தாண்டவராயன் கடையில குடுத்து வைக்கறேன். உங்கூரு பஸ்ஸும் எங்கூரு பஸ்ஸும் அங்கதான நிக்குது.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க குடும்பம் பொய் சொல்றதில்லன்னு விரதம் வச்ச குடும்பம். நீ பொய் சொல்ல மாட்ட, எனக்குத் தெரியும். என் நெல்லும் பொய் சொல்லாது, அதுவும் எனக்குத் தெரியும். ரெண்டும் பொய் இல்லன்னா நடுவுல வேற ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது. அது எதுன்னு தெரியணும். நீ அந்த நெல்ல எப்பிடிப் பாத்த? ஒண்ணு விடாம எழுது.

அமிர்தவல்லி


தொண்டூர்
8.8.2024

அமிர்தம் அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கவரின் ஓரம் பிரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்டிருந்தது. கேட்டதற்குத் தாண்டவராயன், "சோடா தெறிச்சிடுச்சுக்கா" என்று சொன்னார். சோடாவுக்குப் பசை போடத் தெரியும் என்று இன்றைக்குத்தான் அறிந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் நான் குரலை உயர்த்தியது தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் சொன்ன விஷயத்துக்குக் கேட்க முடியாது. என் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன். நீங்கள் கேட்டபடி ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

போன வருஷம் என் நாற்றங்காலில் பாதி முளைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அது வேறு ஆளிடம் வாங்கிய விதை. அப்போது நீங்கள்தான் சொன்னீர்கள்: "வெறும் தண்ணியில போட்டா பதரு மட்டுந்தான் மெதக்கும். அரைகுறையா பால் புடிச்ச நெல்லு மூழ்கிக்கினு ஏமாத்தும். உப்புக் கரைச்சு அதுல போடு. அரைகுறையும் மேல வந்துடும், முத்தினது மட்டும் அடியில நிக்கும்." எவ்வளவு உப்பு என்று கேட்டேன். "புது முட்டை ஒண்ணை உள்ள விடு. அது மேல வந்து நாலணா அளவுக்கு மூக்கைக் காட்டுச்சுன்னா உப்பை நிறுத்து" என்றீர்கள்.

எங்கள் வீட்டில் முட்டை எப்படி அக்கா வரும்? சமணர் வீட்டுப் படி தாண்டி அது உள்ளே வந்ததில்லை. உங்களிடம் அன்றைக்கே சொல்லச் சங்கடமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வேறு ஏதாவது வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலையில் கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றினேன். துணியில் நின்ற பூச்சி புழுவை மறுபடி கிணற்றிலேயே விட்டேன். நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். முட்டைக்குப் பதில் பூஜைத் தட்டிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்தேன். உருண்டையாக இருக்கிறது, முட்டை ஜாடை. எடையிலோ முட்டையில் பத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு லேசான பாக்கு மிதந்துவிட்டால், அது முட்டை மிதக்கும் அளவுக்கும் குறைந்த உப்பாகத்தான் இருக்கும், நெல்லுக்கு ஒரு கெடுதலும் வராது என்று கணக்குப் போட்டேன்.

ஒரு படி உப்புப் போட்டேன். பாக்கு அடியிலேயே கிடந்தது. இன்னொரு படி. அசையவில்லை. வீட்டில் இருந்த கல் உப்பு தீர்ந்து, பொடி உப்புப் பாக்கெட்டுகளையும் பிரித்துக் கொட்டினேன். கடைசியில் உப்பு கரையாமல் அடியில் தங்க ஆரம்பித்தது. பாக்கு அப்போதும் எழும்பவில்லை. சரி, இவ்வளவு போதும் என்று உங்கள் மூட்டையிலிருந்து ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டினேன்.

அத்தனையும் மிதந்தது அக்கா. ஒரு மணி கூட அடியில் தங்கவில்லை. ஒரு துளிப் பாக்கு மிதக்காத தண்ணீரில் உங்கள் நெல் மிதந்தது. நான் வேறு என்ன நினைக்க முடியும்?

மீதி மூட்டை பிரித்தபடி இருக்கிறது. கை வைக்கவில்லை.

தர்மவதி


தளவானூர்
12.8.2024

தர்மவதி அம்மாவுக்கு,

உன் லெட்டரை மூணு வாட்டி படிச்சேன். மொத வாட்டி கோவம். ரெண்டாவது வாட்டி சிரிப்பு. மூணாவது வாட்டி, இன்னாடா இது, பாக்கு ஏன் மூழ்குச்சுன்னு யோசனை. கோவம் இன்னும் போவல, அது ஒரு பக்கம் குந்திக்கினு இருக்குது. யோசனை வந்து அதும் பக்கத்துல குந்திக்கிச்சு.

முட்டை ஆவாதுன்னு எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா சங்கடம்? நோம்புக்கு நான் உங்கூட்டுக்கு வந்தா, பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டாவணும்னு எனக்கும் சேத்து எல போடுவியே, நான் மாட்டேன்னு சொன்னேனா? சொல்லியிருந்தா வேற வழி பாத்திருப்பேன்ல.

சரி, கேளு. நேத்து செஞ்சிக்குப் போனேன். வெயிலு மண்டையப் பொளக்குது. தாண்டவராயன் கடையில ஒரு எலுமிச்ச சோடா வாங்கினேன். அதுல ஐஸ் கட்டி போட்டான். ஐஸ் மெதக்குது. நான் பாட்டுக்குப் பாத்துக்கினே இருக்கேன். "இன்னாக்கா, ஐஸ்ல ஈ கெடக்குதா?"ன்றான். "இல்லடா, ஐஸும் தண்ணிதான? தண்ணியே தண்ணி மேல எப்பிடி மெதக்குது?"ன்னேன். அவன் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "காசு குடுத்துட்டு வூட்டுக்குப் போக்கா"ன்னுட்டான்.

ஆனா இதையும் கேளு. மார்கழி மாசத்துல எங்கூட்டுத் தேங்காண்ணெ ஒறைஞ்சு போவும். வெயில்ல வச்சா ஓரம் பூரா உருகிடும், நடுவுல கட்டி நிக்கும். அந்தக் கட்டி மெதக்காது தர்மவதி. அடியில போய்க் குந்திக்கும். ஒறைஞ்ச தண்ணி மேல நிக்குது, ஒறைஞ்ச எண்ணெ கீழ நிக்குது. ரெண்டுமே ஒறைஞ்சதுதான். ஒண்ணு மாத்தி ஒண்ணு ஏன்? நெய்ல பாரு, மணல் மணலா ஒறையறதும் அடியிலதான் நிக்கும். இத்தினி வருசமா கண்ணு முன்னால நடக்குது, ஒரு நாளும் கேக்கணும்னு தோணல. உன் பாக்கு வந்து கேக்க வச்சிருக்குது.

வந்த வெசயத்த விட்டுட்டேன். எனக்கு மூணு வேணும்.

ஒண்ணு, அந்தப் பாக்கை அனுப்பு. வேற பாக்கு வேணாம், அதே பாக்கு.

ரெண்டு, அந்த மெதந்த மரக்கா நெல்ல இன்னா பண்ண? மாட்டுக்குப் போட்டியா?

மூணு, பாக்கு லேசுன்ற. எதவிட லேசு? முழு முட்டையவிட. யானையவிடக் கூழாங்கல்லு லேசுதான். கொளத்துல எறக்கினா யானை நீஞ்சிப் போவுது, கூழாங்கல்லு தொபுக்குனு அடிக்குப் போவுது. எங்கியோ நீ கணக்குல வழுக்கிட்ட. எங்கன்னு எனக்கும் இன்னும் புடிபடல.

இன்னும் ஒரு மூட்டை திரும்பி வந்துடுச்சு. சேதி சொல்றேன், அவ்ளோதான்.

அமிர்தவல்லி


தொண்டூர்
16.8.2024

அக்கா,

இந்தக் கவருக்குள் பாக்கு இருக்கிறது. தாண்டவராயன் தடவிப் பார்த்து, "உள்ள இன்னா, மோதிரமா?" என்றார். "சாட்சி" என்றேன். ரொம்ப மரியாதையாக வாங்கிக் கல்லாப் பெட்டிக்குள் வைத்தார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதத்தான் இந்த நாலு நாளும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். மிதந்த நெல்லை நான் மாட்டுக்குப் போடவில்லை. உப்பு ஏறிய நெல்லை வாயில்லா ஜீவனுக்கு எப்படிப் போடுவது? இரண்டு தண்ணீர் விட்டுக் கழுவி, கொட்டகைக்குப் பின்னால், கழனித் தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரம் கொட்டிவிட்டேன். அப்புறம் இங்கே இரண்டு நாள் நல்ல மழை.

நேற்றுக் காலையில் எங்கள் வீட்டுக்காரர் பல் குச்சியோடு பின்பக்கம் போனார். போனவர் அங்கிருந்தே கத்தினார்: "தர்மவதி! வாய்க்கா ஓரத்துல யாரு நாத்து விட்டது?"

போய்ப் பார்த்தேன். பாய் விரித்த மாதிரி பச்சை. நான் பதர் என்று கொட்டிய இடம் முழுக்க முளைத்திருக்கிறது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளை வேர், கீழே உங்கள் தூயமல்லியின் ஒல்லி நெல். இவர் வாயைக் கொப்பளித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இதையா பஸ் ஸ்டாண்டுல பதருன்ன?"

அக்கா, உங்கள் நெல் நல்ல நெல். முதலில் அதை எழுதிவிடுகிறேன். ராஜம்மாளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

ஆனால் எப்படி மிதந்தது? அதை யோசித்தபோது உங்கள் தேங்காய் எண்ணெய் நினைவுக்கு வந்தது. பாட்டிலில் எண்ணெய் உறைந்தால் நடுவில் குழி விழும், கவனித்திருக்கிறீர்களா? உறையும்போது சுருங்குகிறது. அதே எண்ணெய் கொஞ்ச இடத்தில் நெருக்கி அடைந்துகொள்கிறது. தண்ணீர் அப்படியில்லை. தாண்டவராயனைக் கேட்டேன். "பாட்டில் நெறையத் தண்ணி ஊத்தி மூடி ஃப்ரீசர்ல வச்சா வெடிச்சிடும்கா, எனக்கு ரெண்டு பாட்டில் போயிருக்குது" என்றார். ஐஸ் ஆகும்போது ஊதுகிறது, அதிக இடம் பிடிக்கிறது. அதனால்தான் எண்ணெய்க் கட்டி கீழே, ஐஸ் கட்டி மேலே. எட்டாம் வகுப்பில் இதற்கு 'அடர்த்தி' என்று ஒரு பெயர் படித்தேன். பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன் போல.

அப்படியானால் பாக்கின் எடையை முழு முட்டையின் எடையோடு ஒப்பிட்டதுதான் நான் வழுக்கிய இடமோ?

முட்டைக்குப் பதில் என்ன வைக்கலாம் என்று இரண்டு நாளாக வீட்டில் இருப்பதை எல்லாம் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழம், கத்திரிக்காய், வாழைக்காய், மெழுகுவர்த்தி எல்லாம் வெறும் தண்ணீரிலேயே மிதக்கின்றன. சூடம் மிதந்ததோடு நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. புளியங்கொட்டை நேராக அடிக்குப் போகிறது. திராட்சை மட்டும் பிரயோஜனப்படும் போலிருந்தது. வெறும் தண்ணீரில் மூழ்கி, உப்புப் போட்டதும் எழும்பியது. ஆனால் பழத்துக்குப் பழம் பேச்சு மாறுகிறது. புளிப்புப் பழம் சீக்கிரம் மேலே வருகிறது, இனிப்புப் பழம் அடம்பிடிக்கிறது. இதை நம்பி விதை பார்க்க முடியாது.

பேசாமல் எத்தனை படி உப்பு என்று அளவு சொல்லிவிடுங்களேன். ஆவணி பிறக்கப் போகிறது. நாற்று விட்டாக வேண்டும். உங்கள் மூட்டையைத் தவிர வேறு விதையை நான் தொடப்போவதில்லை.

தர்மவதி


தளவானூர்
20.8.2024

தர்மவதிக்கு,

அம்மாவ எடுத்துட்டேன். ஆனா ரொம்ப சந்தோசப்படாத.

லெட்டரை ராஜம்மாள்கிட்ட காட்டச் சொல்ற. காட்ட மாட்டேன். நீ பதருன்னு சொன்னது நாலு பேரு நடுவுல. நல்ல நெல்லுன்னு சொல்றது கவருக்குள்ள, பசை போட்டு ஒட்டி. நானே வூடு வூடாப் போயி "பாரு பாரு, தர்மவதி எழுதிக் குடுத்துட்டா"ன்னு காட்டினா, நான் உன்னக் கெஞ்சி வாங்கினேன்னுதான் பேசுவாங்க. சரி, அத விடு.

பாக்கு வந்துச்சு. மொத வேலையா முட்டை ஒண்ணை வேக வச்சேன். நீ மூக்க மூடிக்கோ. உரிச்சு, உன் பாக்கு எம்மாம் பெருசோ அதே பெருசுக்கு, அதே உருண்டைக்குக் கத்தியால செதுக்கினேன். அர மணி நேரம் ஆச்சு. ஒரு தொடப்பக் குச்சிய நடுவுல நூல் கட்டித் தொங்க விட்டேன். இந்தக் கடைசில பாக்கு, அந்தக் கடைசில முட்டைத் துண்டு. கைய எடுத்தேன் பாரு, பாக்குப் பக்கம் சாஞ்சிடுச்சு.

அதே அளவு, ஆனா பாக்கு கனம். நீ முழு முட்டையத் தூக்கிப் பாத்து பாக்கு லேசுன்ன. தண்ணிக்கு அந்தக் கணக்குத் தெரியாதுடி. 'நீ எம்மாம் பெருசு'ன்னு அது கேக்கறதில்ல. 'உன்னோட எடத்துல எவ்ளோ நெருக்கிக்கினு இருக்கிற'ன்னு கேக்குது. நீ அடர்த்தின்ற, நான் நெருக்கம்ன்றேன். காலைல எட்டு மணி செஞ்சி பஸ்ஸும் மத்தியானம் ரெண்டு மணி செஞ்சி பஸ்ஸும் ஒரே பஸ்தான். எட்டு மணிக்குக் கால் வைக்க எடம் இல்ல, ரெண்டு மணிக்குப் படுத்துக்கினு போலாம். பாக்கு எட்டு மணி பஸ். முட்டை ஒரு பத்து பத்தரை மணி பஸ்.

உப்புத் தண்ணியும் அப்பிடித்தான். உப்புப் போடப் போடத் தண்ணிக்குள்ள நெருக்கம் ஏறுது. முத்தின நெல்லு முட்டையவிட நெருக்கம், பாக்கவிடக் கம்மி. நீ முட்டைல நிறுத்தாம பாக்குக்காக அள்ளி அள்ளிக் கொட்டின. தண்ணி நெல்லைத் தாண்டிடுச்சு, ஆனா பாக்கைத் தாண்டல. அதான் நல்லது கெட்டது எல்லாம் மெதந்துச்சு. பொய் சொன்னது நீயும் இல்ல, நெல்லும் இல்ல, அந்தப் பாக்குதான். தண்டனையா அத வெத்தலையோட மென்னு துப்பிட்டேன்.

எத்தினி படி உப்புன்னு கேக்கற. நான் அளந்ததே இல்ல. ஆடி மாச உப்பு ஈரம் கோத்து நிக்கும். கல்லு உப்பு ஒரு படியில எடமிருக்கும், பொடி உப்பு அதே படியில கெட்டியா எறங்கும். உங்கூட்டுக் கெணத்துத் தண்ணியே பாதி உப்பு. நான் ஒரு கணக்குச் சொல்லி மறுபடி எல்லாம் மெதந்துச்சுன்னா, மறுபடி பஸ் ஸ்டாண்டுல நிப்ப.

அதனால ஒரு வேலை பண்ணேன். காலி பேனா ஒண்ணு. ரீஃபில எடுத்துட்டு, மூக்க மெழுகு ஊத்தி அடைச்சேன். உருக்கின மெழுகு தண்ணி மாரி ஓடி, பாக்கும்போதே கல்லாப் போச்சு. அது ஒரு வேடிக்கை, அதையே பத்து நிமிசம் பண்ணிக்கினு இருந்தேன். உள்ள கொஞ்சம் மணலு போட்டு மேல் பக்கமும் அடைச்சேன். பக்கெட்டுல உப்புக் கரைச்சு, நேத்து இட்ட முட்டைய விட்டு, அது நாலணா அளவுக்கு மூக்கைக் காட்டினதும் எடுத்துட்டேன். பழைய முட்டை ஆவாது, அது கெழடு, சும்மாவே மெதக்கும். அதே தண்ணியில பேனாவ விட்டேன். நட்ட கழி மாரி நேரா நின்னுச்சு. தண்ணி எந்த எடத்துல வெட்டுதோ அங்க பிளேடால ஒரு கீறல். இனிமே முட்டை தேவையில்ல. கீறல் வரைக்கும் பேனா மேல வந்தா உப்பை நிறுத்த வேண்டியதுதான்.

முடிஞ்சிதுன்னு எந்திரிச்சேன். உன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. "முட்டைத் தண்ணியத் தொட்ட பேனாவாச்சேக்கா"ன்னு நீ இழுப்ப. மறுபடி குந்தினேன். அது செவப்புப் பேனா. அத மூணு தண்ணி ஊத்திக் கழுவி, வேற பக்கெட்டு, வேற தண்ணி, வேற உப்பு. முட்டை கெடையாது. செவப்பு கீறலுக்கு வர வரைக்கும் உப்புப் போட்டு, அதே தண்ணியில நீலப் பேனாவ விட்டுக் கீறினேன். அப்பயும் உன் மூஞ்சி போவல. மறுபடி வேற பக்கெட்டு. நீலத்த வச்சு உப்புப் போட்டு பச்சைப் பேனாவக் கீறினேன். உனக்கு அனுப்பியிருக்கறது பச்சை. அது முட்டையப் பாத்ததே இல்ல. முட்டையப் பாத்த பேனாவக் கூடப் பாத்ததில்ல. முட்டைக்கு அது கொள்ளுப்பேத்தி மொற.

பக்கெட்டு மூணும் கழுவி வைக்கறதுக்குள்ள இடுப்பு போச்சு.

அமிர்தம்


தொண்டூர்
31.8.2024

அக்கா,

பச்சைப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அதில் ஏதாவது குற்றம் கண்டுபிடிக்க முடியுமா என்று ஒரு பொழுது முழுக்கப் பார்த்தேன். கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வாங்கிப் பார்த்து, "இவ்ளோ யோசிச்ச மனுசியப் போயி" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நல்ல நெல் என்பதைக் கவருக்குள் சொல்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அது தைத்தது. போன வாரமே கிளம்பியிருப்பேன், மழை விடவில்லை. நேற்று வெள்ளிக்கிழமை சந்தை. உங்கள் மூட்டை, பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு குடம் வடிகட்டிய கிணற்றுத் தண்ணீர், கல் உப்பு, பேனா எல்லாவற்றையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தாண்டவராயன் கடை முன்னால், அன்றைக்கு நான் நின்று கத்தின அதே இடத்தில் தொட்டியை வைத்தேன்.

"இன்னாக்கா, கடை போடப் போறியா? எனக்கு எதுக்கவா?" என்றார்.

"கொஞ்ச நேரம் சும்மா இரு. அன்னிக்குப் பேசினதுக்கு இன்னிக்குப் பதில் சொல்ல வந்திருக்கேன்" என்றேன்.

அவருக்குத்தான் எல்லாக் கடிதமும் தெரியுமே. உடனே பெஞ்சை இழுத்துப் போட்டு, "வாங்க, வாங்க, தூயமல்லி கேஸு இன்னிக்குத் தீர்ப்பு!" என்று கூவ ஆரம்பித்துவிட்டார். நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். ராஜம்மாளும் கத்திரி நாற்றுக் கட்டோடு நின்றாள். பேனாவை விட்டேன். உப்பைப் போட்டுக் கலக்கக் கலக்க அது ஒவ்வொரு நெல் உயரமாக மேலே வந்தது. கீறலுக்கு வந்ததும் நிறுத்தினேன். ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டினேன்.

மழை இறங்குகிற மாதிரி இறங்கியது அக்கா. சத்தமே இல்லாமல், சாய்ந்து சாய்ந்து, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மேலே மிதந்தது மூன்று கைப்பிடி இருக்கும். அதைச் சல்லடையால் அள்ளித் தனியே வைத்தேன்.

"நல்ல நெல்லுதானா அப்ப?" என்று ஒருவர் கேட்டார். "அன்னிக்கு ஏன் மெதந்துச்சாம்?" என்று இன்னொருவர். அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அதே தொட்டியில் மீதி உப்பு முழுவதையும் கொட்டிக் கலக்கினேன். கூட்டம் தொட்டிக்கு மேலே கவிழ்ந்துவிட்டது. அடியில் கிடந்த நெல் ஒன்று எழுந்தது. அப்புறம் பத்து. அப்புறம் மொத்தமும் கிளம்பி மேலே வந்து மூடிக்கொண்டது. தாண்டவராயன் கடையில் ஒரு கொட்டைப்பாக்கு வாங்கிப் போட்டேன். அது மட்டும் நேராக அடிக்குப் போனது.

"அதே நெல்லு, அதே தொட்டி. பாக்கு மெதக்கணும்னு நான் உப்பை அள்ளிக் கொட்டினேன். தப்பு என் மேல. அமிர்தம் அக்கா நெல்லு மேல இல்ல" என்றேன். அன்றைக்குக் கத்தின அளவுக்கே கத்திச் சொன்னேன். குறைக்கவில்லை.

ராஜம்மாள் என் பக்கம் வந்து, "என் மூட்டை அவங்க வூட்லயே இருக்குதா, வேற யாருக்கனா குடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். "நீயே போய்க் கேளு. தண்ணி குடுத்தா குடிச்சிட்டு வா" என்றேன்.

தொட்டியில் இருந்த நெல்லை அங்கேயே நாலு தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்து வந்தேன். மீதி மூட்டையையும் இன்று காலை பேனா வைத்துப் பார்த்து முடித்துவிட்டேன். இப்போது கோணியில் கட்டி ஊற வைத்திருக்கிறது. நாளைக்கு மறுநாள் நாற்றங்காலில் விடுகிறேன். நீங்கள் வருவீர்கள் என்று பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்குள் தேடினேன். வரவில்லை.

தர்மவதி


தளவானூர்
2.9.2024

ஏ தர்மவதி,

யாரு வரல? வெள்ளிக்கிழமை உரம் வாங்க வந்தேன். திரும்பறதுக்கு எங்கூரு பஸ்ல ஏறி ஜன்னலோரம் குந்திக்கினேன். பஸ் எடுக்க இருவது நிமிசம் இருந்துச்சு. எதுத்தாப்புல பாத்தா நீ ஆட்டோலேர்ந்து தொட்டி எறக்கற. எறங்கி வரலாம்னு ஒரு காலத் தூக்கினேன். நான் பக்கத்துல நின்னா நீ எனக்காகப் பேசறன்னு ஆவும். காலக் கீழ வச்சிட்டேன். முந்தானை உப்புத் தண்ணியில தொங்கினது கூடத் தெரியாம கலக்கினு இருந்த. பக்கத்து சீட்டு அம்மா, "யாரும்மா அது, லேகியம் விக்கறாங்களா?"ன்னாங்க. "எங்க தங்கச்சி"ன்னேன்.

நெல்லு இறங்கறத என்னால பாக்க முடியல, தொட்டி மறைச்சிக்கிச்சு. சனங்க மூஞ்சியப் பாத்தேன். அதுலயே தெரிஞ்சிடுச்சு.

ஆனா ஒண்ணு. மெதந்தது மூணு கைப்பிடின்னு எழுதியிருக்க. வாட்டிக்கு ஒரு கைப்பிடியா நீ சல்லடை போட்டு அள்ளினது நாலு வாட்டி. ஜன்னல்லேர்ந்து எண்ணிக்கினுதான் இருந்தேன். நாலாவத எனக்காக முழுங்கிட்ட. உங்க குடும்பத்துல பொய் சொல்றதில்ல, மறந்துட்டியா? நாலு கைப்பிடின்னா நாலுதான். என் நெல்லுல ஒரு மரக்காலுக்கு நாலு கைப்பிடி அரைகுறை இருக்குது. கேக்கறவங்களுக்கு அப்பிடியே சொல்லு. வர்ற வருசம் அத ரெண்டாக்கறது என் வேலை.

ராஜம்மாள் மூட்டைய எடுத்துனு போய்ட்டா. ரெண்டு டம்ளர் மோர் குடிச்சா. முருங்கக்கா பறிச்சவனும் வந்தான். மூட்டையக் குடுத்தேன். மரத்துப் பக்கம் திரும்பினான், தொரட்டிய ஒளிச்சு வச்சிட்டேன்.

நாத்தங்கால்ல மொளை தெரிஞ்சதும் சொல்லு. எழுதாத, கை வலிக்கும். போன் பண்ணு, எடுக்கறேன்.

அமிர்தம்